கதவுள்ள பலிபீடங்கள்: ஞாயிறு இணைப்புக் கட்டுரை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான, ஐரோப்பாவின் பிற்காலக் கோதிக் மரப் பலிபீடங்கள் பற்றிய பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இப்பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைப்பது அரிது. அதற்காகத் தங்களுக்கும் கட்டுரையாளருக்கும் முதலில் நன்றி சொல்ல வேண்டும். போலந்தின் கிராக்கோவ் நகரிலும் ஜெர்மனியின் ரோட்டன்பர்க் நகரிலும் நேரில் நின்று பார்த்ததை அவர் நல்ல நடையில் எழுதியிருக்கிறார். ஆனால் அப்பலிபீடங்களை ‘எழுதப் படிக்கத் தெரியாத ஏழை மக்களுக்காக மரத்தில் செதுக்கிய வேதாகமம்’ என்று அவர் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டு, பிறகு கண்ட எல்லாவற்றையும் அந்த வரையறைக்குள்ளேயே அடக்க முயல்வதால், கட்டுரையின் பிற்பாதி பொருளை விட்டு விலகிப் போய்விடுகிறது. அச்சிட்ட இரண்டு புகைப்படங்களிலும் கதவுகள் விரியத் திறந்திருக்கின்றன. அவை ஆண்டின் பெரும்பகுதி மூடிக் கிடப்பதற்காகவும் செய்யப்பட்டவை என்ற செய்தி கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லை. என் மறுப்பின் மையம் இந்த ஒரு விடுபடலே.

இவ்வகைப் பலிபீடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருவானவர் அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கும் வழிபாடான திருப்பலியை நிறைவேற்றும் கல்மேசையின் பின்விளிம்பில் தாழ்வான ஒரு பெட்டி போன்ற அடித்தளம் இருக்கும். அதன்மேல் ஆழமான மர மாடம். மாடத்தின் இருபுறமும் கீல்களில் திரும்பும் கதவுகள். உச்சியில் கூரைவரை எழும்பும் மெல்லிய மரக் கோபுர வேலைப்பாடு. மாடத்துக்குள் முழு உருவச் சிலைகள் நிற்கும். கதவுகளின் உட்புறத்தில் பொன் பூசிய புடைப்புச் சிற்பங்களும், வெளிப்புறத்தில் பெரும்பாலும் ஓவியங்களோ தாழ்வான புடைப்புகளோ இருக்கும். தென் ஜெர்மனியிலும் போலந்திலும் சிலைகளுக்கு லிண்டன் மரத்தையும், வட ஜெர்மனியிலும் நெதர்லாந்துப் பகுதிகளிலும் ஓக் மரத்தையும் பயன்படுத்தினார்கள். அடிமரம் காயும்போது வெடிக்கும் என்பதால் பெரிய சிலைகளின் முதுகுப்புறத்தைக் குடைந்து உள்வைரத்தை எடுத்துவிடுவார்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்குக் கனத்த உருவமாகத் தெரிவது பின்னால் வெறும் ஓடாகவே இருக்கும்.

கதவுகள் எதற்காக என்பதை விளங்கிக்கொள்ள, கட்டுரையாளர் செல்லாத ஓர் ஊரைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் உள்ள சங்க்ட் வொல்ஃப்காங் ஆலயத்துக்காக, மோண்ட்சே மடத்தின் தலைவர் 1471ஆம் ஆண்டில் மிஹாயெல் பாஹர் என்ற தச்சரும் ஓவியருமான கலைஞரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1,200 ஹங்கேரியப் பொற்காசுகள் கூலியாகப் பேசப்பட்டன. வேலை 1481இல் முடிந்தது. அது இன்றும் நிறுவிய இடத்திலேயே, பெரிய சிதைவின்றி நிற்கிறது என்பது இத்துறையில் எளிதில் கிடைக்காத பேறு. அந்தப் பலிபீடத்துக்கு இரண்டு இணைக் கதவுகள் உண்டு. ஆகவே அதற்கு மூன்று முகங்கள் உண்டு. எல்லாம் மூடிய நிலையில், சாதாரண நாட்களில், திருப்பயணியர் கண்டது அவ்வாலயத்தின் காவலரான புனித வொல்ஃப்காங்கின் வாழ்க்கைக் காட்சிகளை மட்டுமே. மாடத்தின் இரு பக்கங்களிலும் கவசம் அணிந்த புனித ஜார்ஜும் புனித ஃப்ளோரியனும் காவலர்களைப் போல நிற்பார்கள்; கதவுகள் விரியும்போது இவர்கள் அவற்றின் பின்னே மறைந்துபோவார்கள். முதல் கதவைத் திறந்தால் இயேசுவின் பொதுவாழ்வைச் சொல்லும் எட்டு ஓவியங்கள். இரண்டாம் கதவையும் திறந்தால்தான், அதுவும் பெருவிழா நாட்களில் மட்டும், அதுவரை எவர் கண்ணுக்கும் படாத பொன்மயமான மாடம் வெளிப்படும்: நடுவில் அன்னை மரியா முழந்தாளிட்டிருக்க, அரியணையில் அமர்ந்த கிறிஸ்து அவளுக்கு ஆசி வழங்குகிறார், இருபுறமும் புனித வொல்ஃப்காங்கும் புனித பெனடிக்டும் நிற்கிறார்கள்.

இந்த வரிசையில் ஒரு தெளிவான சிந்தனை இருக்கிறது. வெளியே ஓவியம், உள்ளே சிற்பம். வெளியே மண்ணில் நடந்த வரலாறு, உள்ளே விண்ணக நிலை. வெளியே வண்ணம், உள்ளே பொன். நோன்பு நாட்களான தவக்காலத்தில் மூடிக் கிடந்ததை ஈஸ்டர் எனும் பாஸ்கா விழாவில் திறக்கும்போது ஊரார் உணர்ந்திருக்கக்கூடிய மாற்றத்தை, நாள் முழுதும் திறந்திருக்கும் பலிபீடத்தின் முன் கைபேசியோடு நிற்கும் நாம் ஒருபோதும் உணர முடியாது. மறைந்திருந்தது வெளிப்படுதல் என்பதே கிறிஸ்தவச் சமயத்தின் மையக் கருத்துகளில் ஒன்று. அதைத் தச்சர் கீலிலும் தாழ்ப்பாளிலும் செய்து காட்டினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்கும் கிராக்கோவுக்கு வருகிறேன். புனித மரியா ஆலயத்தின் பலிபீடத்தைச் சிற்பி ஃபைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை செய்தார் என்பதும், அது ஏறத்தாழ 13 மீட்டர் உயரமும் 11 மீட்டர் அகலமும் கொண்டது என்பதும் கட்டுரையில் சரியாகவே உள்ளன. நகரத்தாரின் நன்கொடையில் எழுந்த அந்த வேலைக்கு ஆன செலவு நகராட்சியின் ஓராண்டு வரவுசெலவுக்கு நிகரானதாகக் கூறப்படுகிறது. ஆனால் நடுமாடத்தின் காட்சியை அவர் ‘மரியா மயங்கி விழுகிறாள்’ என்று விவரிப்பது போதாது. அது மரியாவின் இறப்புக் காட்சி. அக்காலத்தில் பலரும் மரியாவைக் கட்டிலில் கிடத்தி, இயேசுவின் சீடர்களான திருத்தூதர்களைச் சுற்றி நிற்க வைத்தார்கள். ஸ்டோஸ் அவளை இளம்பெண்ணாக, முழந்தாளிட்ட நிலையில், செபித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிவதாகக் காட்டினார். ஒரு திருத்தூதர் பின்னிருந்து அவளைத் தாங்குகிறார். அவளுடைய கைகள் பிடிமானம் இழந்து தொங்குகின்றன. இன்னொருவர் அவள் தலைக்கு மேலே தம் கைகளை இறுகக் கோத்துப் பிசைகிறார். அந்தத் தொங்கும் கைகளும் இறுகிய கைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. உருவங்களில் பெரியவை ஆளின் உயரத்தைத் தாண்டி இரண்டரை மீட்டருக்கும் மேல் நிற்பவை. முகங்களிலும் கைகளிலும் புடைத்த நரம்புகளையும் தோல் நோய்களின் அடையாளங்களையும்கூட மருத்துவர்கள் கண்டு வியந்திருக்கிறார்கள்.

அதற்கு மேலே கிறிஸ்து தம் தாயை விண்ணுக்கு அழைத்துச் செல்கிறார். உச்சியில், மாடத்துக்கு வெளியே, போலந்தின் காவலர்களான புனித ஸ்தனிஸ்லாவும் புனித வோய்செக்கும் நிற்க, அவளுக்கு முடி சூட்டப்படுகிறது. அடித்தளத்தில் ஈசாயின் மரம், அதாவது தாவீதின் தந்தையிலிருந்து கிளைக்கும் மீட்பரின் வம்சாவளி. ஆக, கீழிருந்து மேலாக வேர், இறப்பு, விண்ணேற்பு, முடிசூட்டு என்று ஒரே நேர்க்கோடு செல்கிறது. அந்த ஆலயமே மரியாவின் விண்ணேற்புக்கு நேர்ந்தளிக்கப்பட்டது என்பதை அறிந்தால்தான் இந்த அமைப்பின் பொருத்தம் விளங்கும். கதவுகளின் உட்புறத்தில் மங்கள வார்த்தை (இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவுக்கு அறிவித்தல்), கிறிஸ்து பிறப்பு, ஞானியரின் வருகை ஆகிய மூன்றும் ஒரு பக்கம். உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை ஆகிய மூன்றும் மறுபக்கம். பாடுகளும் சிலுவையும் உள்ளே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துயரக் காட்சிகள் மூடிய நிலையில் தெரியும் பன்னிரண்டு புடைப்புச் சிற்பங்களில் இடம் பெற்றுள்ளன. திறந்த பலிபீடம் மகிழ்ச்சியைச் சொல்கிறது. மூடிய பலிபீடத்தில் துயரமும் கலந்திருக்கிறது. திறந்த நிலையை மட்டும் பார்த்துவிட்டு, ‘ஸ்டோஸ் கல்வாரித் துயரைத் தவிர்த்துவிட்டார்’ என்று கட்டுரையாளர் எழுதியதற்குக் காரணம் இதுதான். இன்று அங்கே நாள்தோறும் நண்பகலுக்குச் சற்று முன்னர் கதவுகளைச் சடங்குபோலத் திறக்கிறார்கள்; அதற்குக் கொஞ்சம் முன்பாகச் சென்றிருந்தால் பன்னிரண்டையும் அவரே பார்த்திருக்கலாம்.

‘எழுத்தறியாதோரின் வேதாகமம்’ என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 600ஐ ஒட்டிய ஆண்டுகளில், படங்களை உடைத்த மார்சேய் ஆயருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதிய கடிதத்தில், படிப்பறிந்தோருக்கு எழுத்து எதுவோ அதுவே படிப்பறியாதோருக்குப் படம் என்ற பொருளில் ஒரு வாதம் வருகிறது; அது பிறகு ஆயிரம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. வாதம் மதிக்கத்தக்கதே. ஆனால் 15ஆம் நூற்றாண்டின் முதன்மைப் பலிபீடங்கள் நின்ற இடத்தை எண்ணிப் பாருங்கள். அவை ஆலயத்தின் கிழக்குக் கோடியில், குருக்கள் அமரும் பகுதிக்கு அப்பால் இருந்தன. பல ஆலயங்களில் அந்தப் பகுதிக்கும் மக்கள் நிற்கும் பகுதிக்கும் நடுவே தடுப்புச் சுவரே இருந்தது. பத்து மீட்டர் உயரத்தில் முழம் அளவு சிற்பத்தில் செதுக்கிய முகபாவத்தை அங்கிருந்து எந்த உழவர் படித்தறிந்திருப்பார்? தெரியாத கதையைப் படம் பார்த்து எவரும் கற்றுக்கொள்ள முடியாது. மறையுரையிலும் விழா நாடகங்களிலும் தாய்மொழிச் செபங்களிலும் முன்பே கேட்டறிந்த கதையைத்தான் அது நினைவூட்ட முடியும். சக்கரத்தோடு நிற்பவள் கத்தரீன், கோபுரத்தோடு நிற்பவள் பார்பரா, காலடியில் பறவைநாகம் கிடந்தால் மார்கரெட் என்று அவர்கள் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். புயலுக்கும் இடிக்கும் பேறுகாலத்துக்கும் தொற்றுநோய்க்கும் எந்தப் புனிதரை வேண்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும். எழுத்தறிவோடு இந்த அறிவுக்குத் தொடர்பில்லை.

மேலும், இந்த உருவங்களுக்கு மிக அருகில் நின்றவர் எழுத்தறிந்தவரான குருவானவரே. பலிபீடத்தின் முன் மக்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக்கும் வசீகர வார்த்தைகளைச் சொல்லி, அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அப்போது ஆலயத்தின் கோடியில் நிற்பவர்களும் முழந்தாளிட்டு அந்த ஒரு வெண்ணிற வட்டத்தையே பார்ப்பார்கள். அதற்குப் பின்புலமாக அமைவதற்காகவே மாடத்தின் நடுக்காட்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. அடித்தளத்தில், உயர்த்தும் முன் அப்பம் இருக்கும் மட்டத்துக்கு நேராக, காயங்களைக் காட்டும் துயருறும் கிறிஸ்துவின் உருவத்தைப் பல இடங்களில் வைத்ததற்கும் காரணம் அதுவே: ‘இது என் உடல்’ என்று குரு சொல்லும்போது அவர் கண்முன்னே அந்த உடல் இருக்க வேண்டும். பலிபீடச் சிற்பத்தைத் திருப்பலியிலிருந்து பிரித்து, கதை சொல்லும் படமாக மட்டும் காண்பது, நாடக மேடையின் பின்திரையை வைத்து நாடகத்தை விமர்சிப்பதற்கு ஒப்பாகும்.

ரோட்டன்பர்க்கின் திரு இரத்தப் பலிபீடம் இதற்குச் சிறந்த சான்று. அதைக் கட்டுரையாளர் ‘இறுதி இராவுணவுப் பலிபீடம்’ என்றே குறிப்பிடுகிறார். புனித யாக்கோபு ஆலயத்தில் போற்றிக் காக்கப்பட்ட திருப்பண்டம் ஒன்று, திருப்பலியின்போது சிந்திய திரு இரத்தத்தின் துளி என்று நம்பப்படுவது, பளிங்குக் குப்பியில் சிலுவையில் பதிக்கப்பட்டு, மாடத்துக்கு மேலே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளிக்காகவே பலிபீடம் எழுந்தது. 1499இல் மாடத்தையும் மரச்சட்ட வேலைகளையும் எர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்ற தச்சரிடம் ஒப்படைத்த நகர மன்றத்தார், 1501இல் உருவங்களுக்காக வூர்ட்ஸ்பர்க் நகரின் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரிடம் ஒப்பந்தம் செய்தார்கள். ஆக, இரத்தத் துளி மேலே இருக்க, அந்த இரத்தத்தை இயேசு தம் சீடர்களுக்கு முதன்முதலில் கிண்ணத்தில் அளித்த இராவுணவு நடுவிலும், அது கல்மேசையில் மீண்டும் நிகழும் திருப்பலி கீழேயும் அமைகின்றன. இடக்கதவில் எருசலேம் நுழைவு. வலக்கதவில் ஒலிவ மலை. இயேசுவின் இறுதி வாரத்து நிகழ்ச்சிகள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. பலியின் பொருளோ மேலிருந்து கீழாக இறங்குகிறது.

இராவுணவுக் காட்சியின் நடுவில் நிற்பவர் கிறிஸ்து அல்லர். அவரைக் காட்டிக்கொடுத்த, பணப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் யூதாசு. இதைக் கட்டுரையாளர் ‘கலைஞரின் துணிச்சலான புரட்சி’ என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், நான் அப்பத்துண்டைத் தோய்த்து எவனுக்குக் கொடுக்கிறேனோ அவனே என்று இயேசு சொல்லி, அதை யூதாசிடம் நீட்டும் நொடியை ரீமன்ஷ்னைடர் எடுத்துக்கொண்டார். திருப்பலி அப்பமான நற்கருணையைப் பெற வரும் எவரும் தகுதியின்றி வரலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. திரு இரத்தத்தை நாடி வந்த பயணிக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை. இன்னொன்றும் உண்டு: யூதாசின் உருவம் தனியாகச் செதுக்கி வைக்கப்பட்டது, அதை வெளியே எடுக்க முடியும். எடுத்துவிட்டால், கிறிஸ்துவின் மடியில் சாய்ந்திருக்கும் சீடர் யோவான் முன்னிருந்து நன்றாகத் தெரிவார். ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் யூதாசை எடுத்திருப்பார்களோ என்று ஆய்வாளர்கள் எண்ணுவதற்கு இதுவே அடிப்படை. கதவு இல்லாமலேயே ஒரு சிற்பத்தொகுதிக்கு இரண்டு நிலைகளைத் தர முடியும் என்பது என்னை எப்போதும் கவரும் செய்தி.

அம்மாடத்தின் முதுகுப்புறத்தில் வட்டக் கண்ணாடிகள் பதித்த சிறு சன்னல்கள் உண்டு. பின்னாலிருந்து வரும் பகலொளி திருத்தூதர்களின் தலைகளுக்கிடையே ஊடுருவி, நேரத்துக்கு நேரம் முகங்களின் நிழலை மாற்றுகிறது. பொன் பூசிய மாடத்தில் இது நடக்காது. பொன் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இப்பலிபீடத்தை வண்ணம் பூசாமல் விட்டதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஆனால் இதிலிருந்து ‘கோதிக் தச்சர்கள் மரத்தின் இயற்கை நிறத்தையே விரும்பினார்கள்’ என்ற பொதுமுடிவுக்குக் கட்டுரையாளர் தாவுவதை ஏற்க முடியாது. அக்காலப் பலிபீடங்களில் மிகப் பெரும்பான்மையானவை முழுமையாக வண்ணமும் பொன்னும் பூசப்பட்டவை. மரத்தின்மேல் பசை பூசி, சுண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்து, செம்மண் குழம்பின்மேல் தங்க ரேக்கு ஒட்டி, மெருகுக் கல்லால் பளபளப்பாக்கி, பட்டாடையின் பூவேலையைக்கூடத் தனியே அச்சில் வார்த்து ஒட்டுவார்கள். கிராக்கோவ் பலிபீடத்தின் பொன்னும் நீலமும் அவ்வாறு வந்தவையே. 2015 முதல் 2021 வரை நடந்த பழுதுபார்ப்பில் பிற்கால மேற்பூச்சுகளை நீக்கியபின் அவை மீண்டும் துலங்கின. ரீமன்ஷ்னைடரின் ‘வெற்று மரம்’கூட முற்றிலும் வெறுமையானதன்று: மரத்தின்மேல் பழுப்பு நிற மெல்லிய பூச்சு உண்டு, கண்மணிகளுக்குக் கருமையும் உதடுகளுக்குச் சிவப்பும் தீட்டுவார்கள்.

வண்ணமில்லாத பலிபீடத்தை அக்காலத்து மக்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவுமில்லை. ரீமன்ஷ்னைடர் 1490இல் ஒப்புக்கொண்டு 1492இல் முடித்துக் கொடுத்த மியூனர்ஷ்டாட் ஊரின் மகதலா மரியா பலிபீடம் வண்ணமின்றியே நிறுவப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஊரார் அதற்கு வண்ணம் தீட்ட ஆள் தேடினார்கள். வந்தவர் வேறு யாருமல்லர், ஃபைட் ஸ்டோஸ். கிராக்கோவிலிருந்து நியூரம்பர்க் திரும்பிய அவர், தம் பணத்தை மோசடியில் இழந்து, அதை மீட்கப் போலிக் கடன்பத்திரம் தயாரித்து, 1503இல் இரு கன்னங்களிலும் சூடு போடப்பட்டு, பிறகு நகர மன்றத்தின் அனுமதியின்றி வெளியேறி அவ்வூருக்கு வந்திருந்தார். ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பிகளில் ஒருவர் இன்னொருவரின் சிற்பத்துக்கு வண்ணம் தீட்டினார். சிற்பம் செய்தவர் பெற்றதைவிட அதிகக் கூலியும் பெற்றார். அப்பலிபீடம் பின்னர் பிரிக்கப்பட்டது. அந்த வண்ணமும் இன்று இல்லை. உடல் முழுதும் முடி போர்த்திய மகதலா மரியாவை வானதூதர்கள் ஏந்திச் செல்லும் நடுச்சிலையை மியூனிக் நகரின் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். இதே ஸ்டோஸ், முதிய வயதில், 1520 முதல் 1523 வரை நியூரம்பர்க்கின் கார்மேல் மடத்துக்காகச் செய்து, இப்போது பாம்பர்க் பேராலயத்தில் உள்ள பலிபீடத்தை வண்ணமின்றியே விட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் தெரிந்தே எடுத்த முடிவுகள். ஒன்றை இயல்பென்றும் மற்றதைக் கறையென்றும் பிரிப்பது நம் காலத்து ரசனை.

கட்டுரையாளர் எழுதும் ‘தனிக் கலைஞனின் தவம்’ என்ற தொடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தச்சர், சிற்பி, வண்ணக்காரர் என்று மூன்று தொழிலாளர் குழுக்கள் பிரிந்து வேலை செய்த பட்டறைகள் அவை. ஆண்ட்வெர்ப் நகரில் செய்த பலிபீடங்களின் மரத்தில் கை அடையாளத்தையும், வண்ணம் முடிந்தபின் கோட்டை அடையாளத்தையும், பிரசெல்ஸில் சுத்தியல் அடையாளத்தையும் அந்நகரக் கைவினைஞர் சங்கத்தார் தரமுத்திரையாகப் பதித்தார்கள். அவற்றில் பல, யாரும் கேட்பதற்கு முன்பே செய்து வைத்து, சந்தையில் விற்று, கப்பலேறிச் சுவீடன்வரை சென்றவை.

எந்த நாளில், எவருக்கு, எந்த முகம் என்ற கேள்வி உயிர்போகும் கேள்வியாக இருந்த ஓர் இடத்தையும் கட்டுரையாளர் தம் அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ஐசன்ஹைம் மடத்தில் புனித அந்தோனியாரின் சபையினர், கெட்டுப்போன ரை என்ற தானியத்தால் வரும் கொடிய நோய்க்கு ஆளானவர்களைப் பராமரித்தார்கள். கைகால்கள் எரிந்து கருகி அழுகி விழும் அந்த நோய்க்கே அந்தோனியார் நெருப்பு என்று பெயர். அங்கிருந்த பலிபீடத்தின் மரச் சிற்பங்களை 1490ஐ ஒட்டி ஹகனாவ் ஊரின் நிக்லாஸ் செய்தார். கதவோவியங்களை 1512 முதல் 1516 வரை ஓவியர் க்ரூன்வால்ட் தீட்டினார். மூடிய நிலையில், உடலெங்கும் புண்களும் முட்களும் நிறைந்து, விரல்கள் முறுக்கிக்கொண்ட, பச்சை பாய்ந்த சிலுவை உடல். முதல் கதவு திறந்தால் ஒளிவட்டத்துக்குள் புண்கள் மறைந்து எழும் உயிர்த்த கிறிஸ்து. இரண்டாவதும் திறந்தால் அரியணையில் அந்தோனியார். நோயாளி முதலில் கண்டது தம் உடலையே. பிறகு கண்டது அந்த உடலுக்கான நம்பிக்கையை. கோல்மார் நகரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இன்று இக்கதவுகளைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்தியிருப்பதால், பார்வையாளர் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடுகிறார். வசதிதான். ஆனால் அந்த மடத்து நோயாளிகளில் எவரும் அப்படிப் பார்த்ததில்லை.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு சபைகளைத் தோற்றுவித்த சீர்திருத்த இயக்கம் பற்றிய கட்டுரையாளரின் ஒற்றை வரி, ‘புராட்டஸ்டண்டுகள் எல்லாவற்றையும் உடைத்தார்கள்’ என்பது, பாதி உண்மை. சூரிக்கில் 1524இலும், உல்ம் நகரில் 1531இலும், நெதர்லாந்துப் பகுதிகளில் 1566இலும் ஏராளமானவை அழிந்தன. ஆனால் அவ்வியக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522 மார்ச்சில் விட்டன்பர்க்குக்குத் திரும்பி வந்து படங்களை உடைப்பதைக் கண்டித்தே மறையுரைகள் ஆற்றினார். லூத்தரன் நகரங்களில் பல பலிபீடங்கள் பிழைத்ததற்கு அது ஒரு காரணம். ரோட்டன்பர்க் ஆலயமே இன்று லூத்தரன் ஆலயம்தான். அருகிலுள்ள க்ரெக்லிங்கனில், ரீமன்ஷ்னைடரின் மரியா விண்ணேற்புப் பலிபீடத்தைச் சீர்திருத்தத்துக்குப் பின் கதவடைத்து வைத்துவிட்டார்கள். 1832இல்தான் மீண்டும் திறந்தார்கள். மூடிக் கிடந்ததாலேயே அதன் மரம் வெயிலுக்கும் தூசிக்கும் பின்வந்தோரின் தூரிகைக்கும் தப்பியது. நியூரம்பர்க்கில் ஸ்டோஸ் 1518இல் முடித்துத் தொங்கவிட்ட மங்கள வார்த்தைச் சிற்பத்தைத் துணியால் மூடினார்கள், அதுவும் உடைபடவில்லை. அதை உடைத்தது, 1817இல் கயிறறுந்து கீழே விழுந்த விபத்து. துண்டுகளைச் சேர்த்துப் பிறகு சரிசெய்தார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையாளர் எழுதும் தொடரின் அடுத்த பகுதி வெளிவரும்போது, கிராக்கோவ் பலிபீடம் மூடிய நிலையில் உள்ள புகைப்படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த நிலையில், எந்தக் கதவு திறந்திருக்கும்போது எடுத்தது என்ற குறிப்பும் இருக்கட்டும். சங்க்ட் வொல்ஃப்காங் பலிபீடத்துக்கு இடம் ஒதுக்குவதானால் மூன்று நிலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடுவது நல்லது. அடித்தளத்தின் படத்தை வெட்டிவிடாமல், அதன் முன்னுள்ள கல்மேசையும் தெரியும்படி வெளியிடுமாறு படப்பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.